ஒரு சொல்லுக்கு 3 ரூபாய்: என் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்த சேவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை. பாராட்டுகிற இடத்தில் விளம்பரம் என்பார்கள், திட்டுகிற இடத்தில் வக்கீல் நோட்டீஸ் வரும், இரண்டையும் என் சம்பளம் தாங்காது. ஆய்வுக் கட்டுரையின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்கும் நிறுவனங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. விலையும் வேலை செய்யும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இது அந்த வகைச் சேவை முழுமைக்குமான அனுபவக் குறிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன், பத்து வருடமாகக் கண்மாய் என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் பாசன ஏரி, அதில் தண்ணீர் திறக்கும் மடை, மிகுதி நீர் வழியும் கலுங்கு என்று அலைகிறேன், வாங்கியது என் கைக்காசில்.

கட்டுரை எதைப் பற்றியது என்று சொன்னால்தான் மற்றது புரியும். சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயில் இன்னும் சிதையாமல் நிற்கிற குமிழித் தூம்பு ஒன்றைப் பற்றி எழுதினேன். பார்க்காதவர்களுக்காக: கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்குள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்கும், அடியில் மூடி போட்ட கல்தொட்டி. மூடியில் இருக்கும் துளை நீரோடி. தொட்டியின் பக்கவாட்டில் தரையோடு ஒட்டினாற்போல் இருக்கும் சின்னத் துளைகள் சேறோடி. மேல் துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கும், அந்த இழுப்பில் கீழே படிந்த வண்டலும் கூடவே வரும், இரண்டும் கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை வழியாக வயலுக்குப் போகும். பாசனமும் தூர்வாரலும் ஒரே வேலையில் முடிகிறது. இப்படி ஒன்றைக் கட்டியவர்களைப் பற்றித் தமிழில் எழுதாமல் ஏன் ஆங்கிலத்தில் எழுதினாய் என்று என் மனைவியே கேட்டாள்.

பதில் எளிது, கொஞ்சம் வெட்கக்கேடானதும்கூட. கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப்.பில் ஆய்வு வெளியீடுகளை எண்ணுவது ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இரண்டு தரவுத்தளங்களைப் பார்த்து. அங்கே ஏறாத கட்டுரை எவ்வளவு நல்ல கட்டுரையானாலும் எண்ணிக்கைக்கு வராது. ஸ்கோபஸ் வேற்றுமொழி இதழ்களை ஒதுக்குவதில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், மேற்கோள் பட்டியல் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். அதாவது தமிழில் வரும் இதழில், தமிழ் நூலைப் பார்த்து எழுதிய தமிழ்க் கட்டுரைக்கு, அந்த நூலின் பெயரை ரோமன் எழுத்தில் போட வேண்டும். போடுகிற அளவுக்கு ஆளும் பணமும் எந்தத் தமிழ் இதழிடம் இருக்கிறது? பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் வகுத்த 2018ஆம் ஆண்டு விதிகளில் மொழி, கலைத் துறைக் கட்டுரை ஒன்றுக்கு 10 புள்ளி. அதில் ஆங்கிலம் தமிழ் என்ற பேதமெல்லாம் கிடையாது. பேதம் வருவது இம்பாக்ட் ஃபேக்டருக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளியில், அதாவது ஓர் இதழின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண்ணுக்கு. அந்த எண் தமிழ் இதழ்களுக்கு எங்கிருந்து வரும்? விதி எழுதியவர் யாரும் தமிழில் எழுதாதே என்று சொல்லவில்லை, எழுதினால் என்ன கிடைக்கும் என்பதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

சரி, சேவைக்கு வருகிறேன்.

முதல் முறை திருத்தம் எதுவும் இல்லாமலே ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பியிருந்தேன். நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மதிப்பீட்டாளர்களில் ஒருவர் எழுதிய முதல் வரியே, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள் என்பதுதான். இந்த வரி கிடைக்காத தமிழ் ஆய்வாளர் யாராவது இருந்தால் அவர் காலில் விழலாம். இது நமக்கு மட்டும் நடப்பதும் இல்லை. தத்சுயா அமனோ என்ற ஜப்பானிய ஆய்வாளரும் குழுவினரும் 8 நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் ஆய்வாளர்களிடம் கேட்டு 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களின் கட்டுரை மொழிக் காரணத்துக்காகத் திரும்புவது ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகம் என்றும், ஆங்கிலத்தைச் சரிசெய் என்று சொல்லி அனுப்பப்படுவது 12.5 மடங்கு அதிகம் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த எட்டில் இந்தியா இல்லை, நேபாளமும் வங்கதேசமும் உண்டு. பக்கத்து வீட்டுக் கணக்கு நமக்கும் பொருந்தாமலா போகும்.

எனவே பணம் கட்டினேன். கோப்பை ஏற்றியதும் இயந்திரம் சொற்களை எண்ணியது, 7,400. சொல்லுக்கு 3 ரூபாய் வீதம் 22,200, ஜிஎஸ்டி 3,996, ஆக மொத்தம் 26,196 ரூபாய். மேற்கோள் பட்டியலைக் கணக்கில் சேர்க்கவில்லை, நல்ல விஷயம். ஆனால் கல்வெட்டு வரிகளை ரோமன் எழுத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் கொடுத்திருந்தேன், அவை சேர்ந்துவிட்டன. எழுநூறு ஆண்டுக்கு முன் எவனோ ஒரு கல்தச்சன் உளியால் வெட்டிய தமிழுக்கு இன்றைக்கு ஆங்கிலத் திருத்தக் கூலி கட்டிய முதல் ஆள் நானாக இருக்கலாம். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டேன், முறைமை அப்படித்தான் எண்ணும் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

ஒன்பது நாளில் தருகிறோம் என்றார்கள், எட்டாம் நாளே தந்துவிட்டார்கள். கோப்பைத் திறந்தால் ஒரே சிவப்பு. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா திருத்திக் கொடுத்த கட்டுரை நோட்டு ஞாபகம் வந்தது.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லது நிறையவே இருந்தது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் அந்த 'ஏ', 'தி' இரண்டும் தமிழனுக்கு ஜென்மத்துக்கும் பிடிபடாதவை, நம் மொழியில் அதற்கு இடமே இல்லை. முந்நூறு இடத்தில் அவற்றைப் போட்டும் எடுத்தும் இருந்தார்கள். அப்புறம் என் வாக்கியங்கள். தமிழில் நாம் 'போய், பார்த்து, அளந்து, எழுதி, திரும்பி வந்து' என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வினைமுற்றை வைத்து முடிச்சுப் போடுவோம், படிக்கிறவனும் மூச்சை அடக்கிக்கொண்டு கூடவே வருவான். அதையே நான் ஆங்கிலத்திலும் செய்திருக்கிறேன். 71 சொல் நீள வாக்கியம் ஒன்றை நான்காக உடைத்திருந்தார் திருத்தியவர், உடைத்த பிறகுதான் நான் என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கே தெரிந்தது. இன்னொன்று, கண்டுபிடிப்பு என்று நான் நினைப்பதை எட்டாம் பக்கத்தில் வைத்திருந்தேன். சங்க இலக்கியத்தில் நீர்நிலை, பல்லவர் காலத்தில் ஏரி, பாண்டியர் காலத்தில் கண்மாய் என்று ஏழு பக்கம் வாசலிலேயே கோலம் போட்டுவிட்டு எட்டாவதில்தான் வீட்டுக்குள் நுழைகிறேன். ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: உங்கள் புதிய செய்தி இதுதான் என்றால் வாசகர் ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? இதை என் நெறியாளர் ஐந்து வருடத்தில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அந்த ஒரு குறிப்புக்கே ஐயாயிரம் தரலாம்.

இனி மற்றது. 'வேலி' என்று ஒரு நில அளவு உண்டு, தஞ்சாவூர்ப் பக்கம் இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள், 20 மா ஒரு வேலி, ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். தஞ்சைக் கல்வெட்டு ஒன்றோடு ஒப்பிட்டு 'ஐந்து வேலி நிலம்' என்று நான் ரோமன் எழுத்தில் எழுதியிருந்தேன். திருத்தியவர் நேர்மையான மனிதர், அகராதியைப் புரட்டியிருக்கிறார், வேலி என்றால் சுற்றி அடைக்கும் வேலி என்று அதில் இருந்திருக்கிறது. முடிந்தது கதை. சோழ அரசன் கோயிலுக்கு ஐந்து வேலி போட்ட மனைகளைத் தானமாகக் கொடுத்துவிட்டான். ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் வருவது போல 'ஃபென்ஸ்டு ப்ளாட்ஸ்' என்றே இருந்தது. சிரித்துவிட்டு அதை நிராகரி என்று அழுத்தினேன்.

அடுத்தது சிரிக்கிற விஷயமாக இல்லை. கால் என்றால் வாய்க்கால், கல் என்றால் கல். ரோமனில் எழுதும்போது முன்னதற்கு மட்டும் உயிர்எழுத்தின் மேல் ஒரு கோடு வரும், அந்தக் கோடு ஒன்றுதான் வித்தியாசம். ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதியிருக்கிறீர்கள், சீராக்கியிருக்கிறோம் என்று குறிப்புப் போட்டு, மொத்தக் கட்டுரையிலும் எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்கு மாற்றியிருந்தார்கள். 38 இடம். எது வாய்க்கால், எது கல் என்று நானே மூலக் கோப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. சீராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் தொழில் தர்மம், தப்புச் சொல்ல முடியாது. ஆனால் தெரியாத மொழியில் சீர் பார்ப்பது தெரியாத ஊரில் வழி சொல்கிற மாதிரி.

கண்மாய், ஏரி, குளம், ஏந்தல், தாங்கல், ஊருணி எல்லாம் 'லேக்' ஆகிவிட்டன. ஊருணியில் குடிதண்ணீர் எடுப்பார்கள், கண்மாய் வயலுக்கு, ஏந்தல் சின்னது, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. 'டேங்க்' என்று நான் எழுதியிருந்த இடத்தில், இது இரும்புத் தொட்டியா என்று கேள்வி. இந்தியாவில் ஆங்கிலேயர் காலத்திலிருந்து நீர்ப்பாசனத் துறை ஆவணம் அத்தனையிலும் டேங்க்தான், தமிழ்நாட்டில் இருக்கும் 39 ஆயிரத்துச் சொச்சமும் டேங்க்தான். நம் ஆங்கிலமும் ஒரு ஆங்கிலம் என்பதை அந்த விலைப்பட்டியலில் மலிவானது, மேலானது என்று இருக்கும் எந்த அடுக்கிலும் நான் பார்க்கவில்லை.

இடையில் ஒன்று. இலவசமாகக் கிடைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிலும் அதே பகுதியைப் போட்டுப் பார்த்தேன். இலக்கணம் ஏறக்குறைய அதே அளவுக்குத் திருந்தியது, பத்து விநாடியில், காசில்லாமல். ஆனால் அது எதையும் கேட்கவில்லை. வாசகர் ஏன் காத்திருக்க வேண்டும் என்று அது கேட்காது, இரும்புத் தொட்டியா என்றும் கேட்காது. தெரியாததைத் தெரிந்த மாதிரியே வழவழவென்று எழுதிக்கொண்டு போகிறது. வெறும் 'ஏ', 'தி' திருத்தத்துக்கு மட்டும் என்றால் இனிமேல் யாரும் 26 ஆயிரம் கொடுக்கத் தேவையில்லை. பல இதழ்கள் கருவியைப் பயன்படுத்தினால் அதைக் கட்டுரையிலேயே சொல்லச் சொல்கின்றன, அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

திருத்திய பிரதியை அனுப்பினேன். இந்த முறை ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் மதிப்பீட்டாளர் நீரியல்காரர் போலிருக்கிறது, ஒரு விஷயத்தை ரொம்பவே பாராட்டியிருந்தார். தூம்பின் தூணில் மேலிருந்து கீழாக 11 குழிகள் வெட்டியிருக்கின்றன, இடைவெளி ஏறக்குறைய 22 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். இது தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வெட்டிய அளவுகோல் என்று நான் எழுதியிருந்தேன், குழிக்கு இவ்வளவு கொள்ளளவு என்று ஓர் அட்டவணையும் போட்டிருந்தேன். அருமையான கண்டுபிடிப்பு என்றார். என் கால் தரையில் படவில்லை.

அதே சமயத்தில், ஊர்க்காரர்களுக்குக் காட்ட வேண்டுமே என்று கட்டுரையைத் தமிழில் எழுதி ஒரு சின்ன ஆய்விதழுக்கும் அனுப்பியிருந்தேன். மொழிபெயர்க்க உட்கார்ந்தேன், முதல் பக்கத்திலேயே அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன், என் களக்குறிப்பு நோட்டே தமிழில்தான் இருக்கிறது, அதை வைத்தே எழுதிவிட்டேன். 7,400 சொல் கட்டுரை 3,900 சொல்லில் முடிந்தது. தமிழ்ச் சொல் நீளம் என்பது ஒரு காரணம், கண்மாய் என்றால் என்ன என்று ஒன்றரைப் பக்கம் விளக்க வேண்டியதில்லை என்பது இன்னொரு காரணம். தமிழ் இதழ்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 1,500 ரூபாய் அனுப்பினால் மூன்றாம் நாள் போட்டுவிடுகிற இதழ்கள் இருக்கின்றன, அவற்றில் வெளிவருவதும் ஜெராக்ஸ் எடுத்து விநியோகிப்பதும் ஒன்றுதான். நான் அனுப்பியது அப்படிப்பட்டதல்ல, மதிப்பீட்டுக்குப் போய் வந்தது. வந்த திருத்தம் எல்லாம் வல்லினம் மிகும் இடம், மிகா இடம். தூணைப் பற்றி நான் எழுதியது தப்பு என்று அந்தத் தமிழ் மதிப்பீட்டாளரும் சொல்லவில்லை.

சொன்னவர் வேறு ஒருவர். எங்கள் பக்கத்தில் கண்மாய்த் தண்ணீரைத் திறந்து பங்கு பிரிக்கிறவரை நீர்பாய்ச்சி என்பார்கள், வேறு ஊர்களில் நீர்க்கட்டி, மடைக்குடும்பன், கம்புகட்டி என்று பல பெயர். அந்தக் கண்மாயின் பழைய நீர்பாய்ச்சிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அச்சாகி வந்த தமிழ் இதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குக் கண் சரியில்லை, பத்தாவது படிக்கும் பேத்தி திண்ணையில் உட்கார்ந்து வாசித்தாள். பல்லவர் காலம், பாண்டியர் காலம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். 11 குழி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"வாத்தியாரே, அந்தக் குழி தூணுல எந்தப் பக்கம் இருக்கு?"

"உள்பக்கம் ஐயா, ரெண்டு தூணும் ஒண்ணையொண்ணு பாக்குற பக்கம்."

"அளவுன்னா கரையில நிக்கிறவன் கண்ணுக்குத் தெரியணுமா வேணாமா? உள்பக்கம் வெட்டி வச்சா எவன் பாப்பான்? அது கல்லைத் தூக்க உள்ள எறங்குறவன் கால் வைக்கிறதுக்கு வெட்டுனது. நானே எத்தனை தடவை வச்சு எறங்கியிருக்கேன்."

ஆறு முறை அந்தத் தூணைப் போட்டோ எடுத்திருக்கிறேன், நாடா வைத்து அளந்திருக்கிறேன், படம் வரைந்திருக்கிறேன். கரையில் நின்று பார்த்தால் தெரியுமா என்று ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பேத்தி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வியை நான் அதுவரை யார் படிப்பார்கள், எத்தனை புள்ளி வரும், எவ்வளவு தூரம் போகும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். தூரம் போவதும் முக்கியம்தான். 2004இல் சீனாவில் பன்றிகளுக்குப் பறவைக் காய்ச்சல் தொற்றியதைச் சொன்ன கட்டுரைகள் சீன மொழி இதழ்களில் வந்ததால் உலகச் சுகாதார நிறுவனம் உட்பட வெளியில் உடனே யாரும் கவனிக்கவில்லை. அதே சீனாவில் மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் பற்றிய கட்டுரை 1977இல் சீன மொழியில்தான் வந்தது, அந்த மருந்தைக் கண்டறிந்த தூ யூயூவுக்கு நோபல் கிடைத்தது 2015இல். 2008இல் இயற்பியல் நோபல் வாங்கிய மஸ்கவா, ஆங்கிலம் பேச வராது என்று சொல்லி ஸ்டாக்ஹோமில் ஜப்பானிய மொழியிலேயே உரையாற்றினார். இதைச் சொல்லித் தாய்மொழிப் பெருமை பேசுகிறவர்கள், கொபயாஷியோடு சேர்ந்து அவர் எழுதிய 1973ஆம் ஆண்டுக் கட்டுரை ஆங்கிலத்தில் இருப்பதைச் சொல்வதில்லை. ஆனால் துகளியலில் மஸ்கவா தப்பு விட்டிருந்தால் பிடிக்கக்கூடியவர்கள் உலகம் முழுக்கப் பரவி இருந்தார்கள், அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம். என் தூணில் நான் விட்ட தப்பைப் பிடிக்கக்கூடியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு ஆங்கில மதிப்பீட்டாளர்களும் நல்ல படிப்பாளிகள்தான், தூணை என் கண்ணால் மட்டுமே பார்த்தார்கள், நான் காட்டிய பக்கத்தை நம்பினார்கள்.

கல்வெட்டுத் துறையில் இது வேறு மாதிரி இருக்கிறது, அதனால்தான் எனக்கு அந்தத் துறைக்காரர்கள் மேல் பொறாமை. தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழில் புதிய கல்வெட்டுகள் தமிழில் வெளிவருகின்றன. வாசகம் தப்பாக இருந்தால் பிடிக்கிறவரும் அதைத் தமிழில்தான் படிக்கிறார், வெளிநாட்டிலிருந்து சோழர்களை ஆராய வருகிறவரும் தமிழ் படித்துக்கொண்டுதான் வர வேண்டும். ஜப்பானியரான நொபுரு கராஷிமா அப்படித்தான் தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்தார், எழுதியது ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும். படிக்க ஒன்று, எழுத ஒன்று என்று இரண்டு காலிலும் நின்றவர். கண்மாய்க்கு அப்படி ஓர் இதழ் இல்லை.

திண்ணைக் கதை நடந்தபோது ஆங்கிலக் கட்டுரை ஏற்கப்பட்டு அச்சுப்படி வந்திருந்தது. 48 மணி நேரத்தில் எழுத்துப்பிழை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பு, பொருள் மாற்றம் கூடாது என்று நிபந்தனை. அன்று இரவு பதிப்பாசிரியருக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். அட்டவணை தப்பு, எடுத்துவிட வேண்டும், ஒரு பத்தி புதிதாக வர வேண்டும் என்றேன். மறுபடி மதிப்பீட்டுக்கு அனுப்புவோம் என்றார், இரண்டு மாதம் தள்ளிப் போனது. போகட்டும்.

இங்கேதான் அந்தச் சேவை மறுபடி வருகிறது. கட்டிய பணத்தில் ஒரு முறை இலவச மறுதிருத்தம் உண்டு. புதிய பத்தியை அனுப்பினேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் கூறியபடி என்று நம் வழக்கப்படி எழுதியிருந்தேன். அதே எடிட்டர் என்று அந்த எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், பெயரைத் தரமாட்டார்கள், எண் மட்டும்தான். ஓரத்தில் இரண்டு கேள்வி. இந்தத் திருத்தம் கட்டுரையின் முக்கியமான முடிவை மாற்றுகிறது, இதைச் சொன்னவருக்குப் பெயர் இல்லையா? கல்வெட்டுக்கும் நூலுக்கும் மேற்கோள் தருகிறீர்கள், இவருக்கு ஏன் இல்லை?

வேலியை மனையாக்கியவரும் இவர்தான், இதைக் கேட்டவரும் இவர்தான். ஒரு பதினைந்து நிமிடம் அந்தக் குறிப்பையே பார்த்துக்கொண்டு இருந்தேன். மறுநாள் பெரியவரிடம் போய்ப் பெயரைப் போடலாமா என்று கேட்டு, சம்மதம் வாங்கி, நேர்காணல் தேதியோடு மேற்கோள் பட்டியலில் சேர்த்தேன். அவர் பெயருக்கு மேலே ஒரு பிரிட்டிஷ் காலத்துப் பொறியாளர், கீழே ஒரு பேராசிரியர். அகரவரிசை செய்த வேலை. தமிழ்க் கட்டுரையில் அவர் பெயர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், அதில் 'ஊர் மக்கள்' என்று பொதுவாக நன்றி சொல்லி முடித்திருந்தேன். அடுத்த இதழில் ஒரு திருத்தக் குறிப்புப் போடச் சொல்லியிருக்கிறேன், குழியையும் சேர்த்து.

யாருக்கு இந்தச் சேவையைச் சொல்வேன்? அறிவியல் துறையில் இருந்து, சோதனை முடிவை அட்டவணையும் வரைபடமுமாகக் கொடுப்பவர் என்றால் மலிவான அடுக்கே போதும், அல்லது ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த சகா ஒருவருக்கு நல்ல பிரியாணி வாங்கிக் கொடுங்கள். வரலாறு, மொழி, மானிடவியல் என்று தமிழ்ச் சொற்கள் நிறைய வரும் கட்டுரை என்றால் மேல் அடுக்கை வாங்குங்கள், கீழ் அடுக்கில் கேள்வி கேட்க மாட்டார்கள், மாற்றி மட்டும் வைப்பார்கள். மாணவர்கள் கைக்காசில் வாங்க வேண்டாம், துறையில் நிதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், பல இடங்களில் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. கட்டுரையோடு வரும் 'ஆங்கிலம் திருத்தப்பட்டது' என்ற சான்றிதழ் அழகாக இருக்கிறது, இதழ் ஏற்கும் என்பதற்கு அது எந்த உத்தரவாதமும் இல்லை, அவர்களே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மிக முக்கியமாக, ரோமன் எழுத்தில் மேலும் கீழும் போடும் கோடு, புள்ளிகளைத் தொடக் கூடாது என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள், நான் கொடுக்கவில்லை.

மதிப்பெண் என்றால் ஐந்துக்கு மூன்றரை. ஆங்கிலத்துக்கு நான்கரை, தமிழ் தெரியாமல் தமிழில் கை வைத்ததற்கு ஒன்றரை, அந்த ஒரு கேள்விக்காக அரை கூட்டியிருக்கிறேன்.

இப்போது அடுத்த கட்டுரை தயாராகிறது, கலுங்கு பற்றி. இந்த முறை தமிழில் முதலில் எழுதி, திண்ணையில் ஒரு வாசிப்பு முடித்துவிட்டுத்தான் ஆங்கிலம். தொடக் கூடாத சொற்களின் பட்டியல் ஒன்றும் தயாரித்துவிட்டேன், கால், கல், வேலி, மா, கண்மாய், ஏந்தல் என்று 43 சொல். கட்டுரையின் முன்னால் ஒட்டி, சோதனைக்காகக் கோப்பை ஏற்றி விலை கேட்டுப் பார்த்தேன். தொடாதீர்கள் என்று நான் கொடுத்த அந்த 43 சொல்லையும் எண்ணி 129 ரூபாய் சேர்த்திருக்கிறார்கள், ஜிஎஸ்டி தனி.